தாளத்துக்குப் பின்னால் ஓடிய திரை: கோத்தகிரி விழா ஒன்றின் வீடியோ தாமதம், நிகழ்வு ஆய்வு

புகார்

திரையில் ஆடுகிறவரின் கால் தரையைத் தொடுவதற்கு முன்பே மேளத்தின் அடி காதுக்கு வந்துவிடுகிறது. கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் நடந்த விழாவில் எழுந்த புகார் இதுதான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் படுகர் ஆட்டம் முழுக்க முழுக்க வட்டமும் தாளமும்தான். வெள்ளை உடுத்திய ஒரு பெரிய வட்டம் ஒரே அடியில் காலெடுத்து ஒரே அடியில் உடம்பைத் திருப்பும்போதுதான் அதன் அழகு. அது திரையில் கால் நொடி தள்ளி வந்தால், ஆடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து தாளம் தப்புவது போலத் தெரியும். விழாக் குழுவின் பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, எங்க ஆளுங்க தப்பா ஆடல. உங்க திரைதான் தப்பா காட்டுது." அவர் சொன்னது முழு உண்மை. அடுத்த முறை அதே மைதானத்தில், ஒத்திகை நாளிலேயே இதை அளந்து பார்த்துச் சரிசெய்யும் வேலை எங்களிடம் வந்தது.

இடமும் ஏற்பாடும்

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மைதானம் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டியது. கீழ்ப்படியில் ஆடுகளமும் மேடையும், மேல்படிகளில் சனங்கள். மேலே இருப்பவர்களுக்கு ஆடுகளம் தெரியும். முகமும் காலடியும் தெரியாது. அதற்காகத்தான் மேடைக்கு இருபுறமும் எல்இடி வால், அதாவது எல்இடி பலகைகளை அடுக்கிக் கட்டிய பெரிய திரைச் சுவர். சாமான் எல்லாம் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவையிலிருந்து ஏறி வரவேண்டும். ஒரு கன்வெர்ட்டர் போனால் மாற்றுக் கன்வெர்ட்டர் மலைக்குக் கீழேதான். ஆகவே இங்கே எந்தத் தீர்வும் கையில் இருப்பதை வைத்துத்தான்.

பழைய ஏற்பாடு பல ஊர்களில் பார்க்கிற ஏற்பாடுதான். மூன்று கேமரா, மூன்றும் எச்டிஎம்ஐ. நீளத்துக்காக எச்டிஎம்ஐயை எஸ்டிஐ (நீளமான கேபிளில் வீடியோ அனுப்பும் தொழில்முறை இணைப்பு) ஆக்கும் சின்ன கன்வெர்ட்டர். மேடைக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப், அதில் கேமரா படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் யுஎஸ்பி கேப்சர் பெட்டிகள், எந்தக் கேமரா திரைக்குப் போகவேண்டும் என்று மாற்றும் சாஃப்ட்வேர் ஸ்விட்சர். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ வெளியீடு படத்தின் அளவை மாற்றும் ஒரு ஸ்கேலருக்கு, அங்கிருந்து வாலை இயக்கும் எல்இடி ப்ராசஸருக்கு, அங்கிருந்து வாலுக்கு. கேமராக்கள் 1080பி25-இல், அதாவது நொடிக்கு 25 முழுப் படம் என்ற கணக்கில் ஓடின. சினிமா மாதிரி இருக்கும் என்று அப்படி வைத்திருந்தார்கள். அதே லேப்டாப்தான் ரெக்கார்டிங்கும் யூடியூப் நேரலையும் செய்தது. இந்தச் சங்கிலியில் எந்தப் பொருளும் பழுதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல பொருள்கள்.

அளந்தது எப்படி

"லேக் அடிக்குது" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எத்தனை மில்லி நொடி என்று தெரியவேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. நொடிக்கு 240 பிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி உள்ள ஃபோன் போதும். கேமராவுக்கு முன்னால் ஒருவர் டார்ச்சை அணைத்து ஏற்றுகிறார். அந்த டார்ச்சும், அதைக் காட்டும் எல்இடி வாலும் ஒரே ஃப்ரேமில் தெரிகிற மாதிரி ஃபோனைப் பிடிக்கவேண்டும். அப்புறம் பதிவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, நேரில் டார்ச் எரிந்ததிலிருந்து வாலில் எரியும்வரை எத்தனை பிரேம் என்று எண்ணவேண்டும். ஒரு பிரேம் 4 மில்லி நொடிக்குக் கொஞ்சம் அதிகம். 24 பிரேம் என்றால் சரியாக 100 மில்லி நொடி. ஒரு தடவை எண்ணி நம்பக்கூடாது. டார்ச் எரிகிற கணம் கேமராவின் பிரேமுக்குள் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து எண் கொஞ்சம் ஆடும். பல தடவை எடுத்து நடுவில் வருவதை வைத்துக்கொண்டோம்.

பழைய சங்கிலியை அப்படியே கட்டி அளந்தபோது சுமார் 70 பிரேம். அதாவது 290 மில்லி நொடி. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு சின்ன மானிட்டரை மாட்டி அளந்ததில், எந்த இடத்தில் எவ்வளவு போகிறது என்பதும் ஓரளவு தெளிவாகியது. கேமராவுக்குள்ளேயே 80. யுஎஸ்பி பெட்டியிலும் சாஃப்ட்வேரிலும் சேர்த்து 120 போல. லேப்டாப்பின் டிஸ்ப்ளே வெளியீட்டில் 30-க்குக் கொஞ்சம் மேல். மிச்சம் ஸ்கேலரிலும் எல்இடி ப்ராசஸரிலும். எச்டிஎம்ஐ–எஸ்டிஐ கன்வெர்ட்டரைத்தான் ஆரம்பத்தில் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். அதில் கண்ணுக்குத் தெரிகிற தாமதமே இல்லை. பிரேமைச் சேமித்து வைக்காத கன்வெர்ட்டர் ஒன்றைக் குற்றம் சொல்லி ஓர் இரவைக் கழித்திருப்போம். மானிட்டர் அந்த இரவைக் காப்பாற்றியது.

இன்னொன்றும் தெரிந்தது. எல்இடி வால் பார்த்துக்கொள்ளும் கோவைத் தம்பி முந்தைய வருஷமும் அங்கே இருந்தவர். "ஏனுங்கண்ணா, ஆறு மணிக்குப் பரவாயில்லைங்க, எட்டு மணிக்கு மேல இன்னும் மோசமாச்சுங்க" என்றார். இப்படிச் சொல்வதைப் பலர் மனப்பிரமை என்று தள்ளிவிடுவார்கள். நாங்கள் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்தோம். 290 இப்போது 350 ஆகியிருந்தது. சாஃப்ட்வேரில் அந்தக் கேமரா உள்ளீட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்ததும் பழைய 290-க்கே இறங்கியது. தம்பி சொன்னது அப்படியே சரி.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம்

இதற்கு ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-ஆர் பிடி.1359 என்ற பரிந்துரை 1998-இல் வந்தது. ஒலி படத்தைவிட 45 மில்லி நொடி முந்தினால் மனிதர்கள் கவனித்துவிடுகிறார்கள்; 90-ஐத் தாண்டினால் ஏற்க முடிவதில்லை. ஒலி பிந்தினால் மட்டும் நிறையப் பொறுத்துக்கொள்கிறோம்: 125 வரை கவனிப்பதில்லை, 185 வரை சகித்துக்கொள்கிறோம். காரணம் எளிது. தூரத்தில் ஒருவர் விறகு வெட்டினால் கோடாலி இறங்குவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வரும். சத்தம் முந்தி வருவது இயற்கையில் நடப்பதே இல்லை.

விழாத் திரையின் சிக்கல் அந்தக் கடினமான பக்கத்தில் இருக்கிறது. படம் பிந்துகிறது என்றால் ஒலி முந்துகிறது என்றுதானே பொருள். 290 மில்லி நொடி ஒலி முந்துவது, பொறுக்கக்கூடிய 90-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஆனால் மைதானம் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளி மேல்படியில் நிற்பவருக்குச் சத்தம் 88 மில்லி நொடி கழித்துத்தான் எட்டும். படமும் சுமார் 100 மில்லி நொடி தள்ளி வந்தால் அவருக்கு வித்தியாசம் 12 மில்லி நொடிதான், ஒன்றும் தெரியாது. முன்வரிசையில் இருப்பவருக்கு ஒலி உடனே வந்துவிடும், ஆனால் அவர் திரையைப் பார்க்கப் போவதில்லை, ஆட்டத்தையே பார்க்கிறார். (உயரமான மலையில் ஒலி மெதுவாகப் போகும் என்று சிலர் சொல்வதுண்டு. காற்று அழுத்தம் குறைவதால் ஒலியின் வேகம் மாறாது. குளிரால்தான் கொஞ்சம் குறையும்.) மேல்படியில் தனி ஸ்பீக்கர் வைத்தால் அதற்கு மெயின் ஸ்பீக்கரின் தூரத்தைக் கணக்கிட்டு டிலே போட்டிருக்கவேண்டும். போடாவிட்டால் இந்த உதவி போய்விடும். சவுண்டு பார்த்தவர் அதைச் சரியாகவே போட்டிருந்தார்.

ஆக இலக்கு முடிவானது: கேமராவிலிருந்து வால்வரை 100 மில்லி நொடி.

ஒலியையே தாமதப்படுத்திவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். யூடியூப் நேரலைக்கு அது சரி. அதை அப்படித்தான் செய்தோம். மைதானத்தில் அது நடக்காது. மேளத்தின் நேரடிச் சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே காதுக்கு வருகிறது. ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தினால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும், ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். படம்தான் ஒலியிடம் ஓடி வரவேண்டும்.

கார்டுக்குள் என்ன நடக்கிறது

கேப்சர் கார்டு, அதாவது வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கார்டு பற்றிப் பேசும்போது பலரும் விலையையும் எத்தனை உள்ளீடு என்பதையும்தான் பார்க்கிறார்கள். தாமதம் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்தால் கார்டைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிடும்.

எஸ்டிஐ கேபிளில் படம் வரிவரியாக, அழுத்தப்படாமல் வருகிறது. 1080 வரிப் படத்துக்கு மொத்தம் 1,125 வரி; மிச்சமுள்ள வரிகள் இடைவெளிக்கும் துணைத் தகவலுக்கும். கார்டிலுள்ள எஃப்பிஜிஏ என்ற சிப் அந்த வரிகளைப் பிரித்து, கார்டின் நினைவகத்தில் அடுக்கி, கார்டு மாட்டும் பிசிஐஇ இணைப்பு வழியாகக் கம்ப்யூட்டரின் நினைவகத்துக்கு நேரடியாகத் தள்ளுகிறது. பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் பிரேம் முழுவதும் வந்த பிறகுதான் அதைத் தொடும். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் மலை ஜீப்பைப் போல, முதல் வரி எப்போதோ வந்துவிட்டாலும் கடைசி வரி ஏறும்வரை அது காத்திருக்கிறது. ஆகவே உள்ளே வர ஒரு பிரேம் நேரம். சாஃப்ட்வேர் கலக்கவும் எழுத்துப் போடவும் ஒரு பிரேம். வெளியே போகும்போது அடுத்த பிரேம் தொடங்கும் கணத்துக்காகக் காத்திருக்கவேண்டும், அதற்கும் ஒரு பிரேம் வரை. கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பும் படத்துக்கு மூன்று பிரேம் என்பது நல்ல ஏற்பாட்டின் கணக்கு. மேஜ்வெல் போன்ற தயாரிப்பாளர்களின் சில கார்டுகள் பிரேம் முடியும்வரை காத்திராமல் சில வரிகள் வந்ததுமே சாஃப்ட்வேருக்குத் தகவல் சொல்லும். அதைப் பயன்படுத்தத் தெரிந்த சாஃப்ட்வேர் இருந்தால்தான் பலன்.

பிரேம் என்பதை நேரமாக மாற்றும்போதுதான் விஷயம் உறைக்கும். 25பி-யில் ஒரு பிரேம் 40 மில்லி நொடி, மூன்று பிரேம் 120. 50பி-யில் ஒரு பிரேம் 20, மூன்று பிரேம் 60. எந்தப் பெட்டியையும் மாற்றாமல், ஃபார்மட்டை மட்டும் மாற்றினால் சங்கிலியின் பெரும்பகுதி பாதியாகிறது. கேமராவின் உள் தாமதமும் அப்படியே குறையும். 50பி வைத்தால் வெளிச்சம் பாதியாகிவிடும் என்று கேமராமேன்கள் பயந்தார்கள். 25பி-யில் ஷட்டர் 1/50 வைத்திருந்தவர் 50பி-யிலும் 1/50-ஐ அப்படியே வைக்கலாம். வெளிச்சத்தில் ஒரு குறையும் வராது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்கலும் இல்லை.

ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பாதிப் படங்களை அனுப்பும் 1080ஐ50 என்ற இன்டர்லேஸ் வழியும் உண்டு, டிவிக்காரர்கள் இன்னும் அதில்தான் நிறைய ஓட்டுகிறார்கள். வாலுக்கு அது வேண்டாம். எங்கோ ஓர் இடத்தில் அதைப் பிரித்து முழுப் படமாக்க வேண்டியிருக்கும், அங்கே மறுபடி தாமதம்.

அடுத்தது எட்டு மணிக்கு மோசமாகும் கதை. கேமராவுக்கு ஒரு கடிகாரம், லேப்டாப்புக்கு ஒரு கடிகாரம். இரண்டும் 25 என்று சொன்னாலும் அச்சாக ஒன்றல்ல. பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு வித்தியாசம் இருந்தாலே இரண்டு மணி நேரத்தில் 58 மில்லி நொடி சேர்ந்துவிடும். சாஃப்ட்வேர் அவ்வப்போது ஒரு பிரேமைக் கைவிட்டால் தாமதம் கூடாது. கைவிடாமல் வரிசையில் சேர்த்துக்கொண்டே போனால் கூடும். பழைய லேப்டாப்பில் நடந்தது இதுதான். வெளியே போகும் பக்கமும் 25-ஐ 60 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேக்குள் திணித்ததால், கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது படம் துள்ளியது. அதையும் சிலர் தாமதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்டிஐ உள்ளீடும் வெளியீடும் உள்ள கார்டு இங்கேதான் உதவுகிறது. வெளியீட்டின் கடிகாரத்தை உள்ளீட்டோடு அல்லது ஜென்லாக் சிக்னலோடு (எல்லாச் சாதனங்களையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டும் பொதுச் சிக்னல்) பூட்டிவிடலாம். அப்போது தாமதம் எவ்வளவோ, மாலை முழுக்க அவ்வளவே. நேரலைக்கு இது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். ஓர் எண்ணில் நிலைத்து நிற்கும் தாமதத்துக்கு ஏற்றபடி மற்றதைச் சரிசெய்யலாம். கூடிக்கொண்டே போவதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

என்ன மாற்றினோம்

கோவையில் கம்பெனியின் ஸ்டோரில் ஒரு டெஸ்க்டாப்பும், பல உள்ளீடு–வெளியீடு உள்ள பிளாக்மேஜிக் டெக்லிங்க் கார்டும் இருந்தன. வேறொரு வேலைக்கு வாங்கியது. அதை ஏற்றிக்கொண்டு வந்தோம். இருந்தும், கேமராக்களை அந்தக் கார்டுக்குள் விட்டு, சாஃப்ட்வேரில் கட் செய்து, வெளியே எடுப்பது என்ற நேரான வழியை எடுக்கவில்லை. அப்படிச் செய்தாலும் 50பி-யில் அந்தப் பகுதி 60 மில்லி நொடியில் முடிந்திருக்கும். கேமராவும் வாலும் சேர்ந்தால் 100-ஐத் தாண்டும்.

அதனால் படத்தின் பாதையைப் பிரித்தோம். கேமராக்களை ஒரு சின்ன ஹார்டுவேர் ஸ்விட்சருக்குக் கொடுத்தோம். அது ஒவ்வொரு உள்ளீட்டையும் தன் கடிகாரத்தோடு ஒத்திசைக்கிறது, அதற்கு அதிகபட்சம் ஒரு பிரேம் போகும். ஜென்லாக் உள்ளீடே இல்லாத கேமராக்களுக்கு இது தேவை. ஸ்விட்சரின் ப்ரோக்ராம் வெளியீடு (அப்போது தேர்ந்தெடுத்திருக்கும் படம்) கார்டின் உள்ளீட்டுக்குப் போகிறது. கார்டில் உள்ளேயே ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டும் கீயர் உண்டு. பெயர்ப் பட்டை, ஊர்ப் பெயர், நன்றி வரிகள் எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து ஃபில் (என்ன ஒட்டவேண்டும்), கீ (எங்கே ஒட்டவேண்டும்) என்ற இரண்டு தகவலாகக் கார்டுக்கு வரும்; கார்டு அவற்றைக் கேமரா படத்தின் மேல் ஒட்டி வெளியே அனுப்பும். கேமரா படம் கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டியதே இல்லை, கார்டோடு கடந்துபோகிறது. வாலுக்குப் போகும் பாதையில் கம்ப்யூட்டரின் தாமதம் மொத்தமும் போயிற்று.

பெயர்ப் பட்டை மூன்று பிரேம் தாமதமாக வருமே என்றால், வரட்டும். பெயர் 60 மில்லி நொடி பிந்தி வந்தால் யாருக்கும் வலிக்காது. தாமதம் எங்கே வலிக்கும் என்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் பணத்தையும் உழைப்பையும் போட்டதுதான் இந்த வேலையில் எடுத்த முக்கியமான முடிவு.

பட்டைகளை ஓட்டுவதற்கு காஸ்பர்சிஜி என்ற இலவச சாஃப்ட்வேர். ஸ்வீடனின் பொதுத் தொலைக்காட்சியான எஸ்விடி உருவாக்கியது, அங்கே 2006 முதல் ஒளிபரப்பில் இருக்கிறது. அதன் கான்ஃபிக் கோப்பில் டெக்லிங்க் வெளியீட்டுக்குக் கீயர் உள்ளேயா வெளியேயா, தாமதம் எப்படி, எத்தனை பிரேம் முன்னதாக அடுக்கவேண்டும் என்றெல்லாம் தனித்தனியாக எழுதலாம். பிரேம் அடுக்கை ஒன்றாகக் குறைத்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். நாங்கள் மூன்றிலேயே விட்டோம். ஒட்டுவது தாமதமானாலும் பரவாயில்லை, இடையில் பிரேம் விழுந்து விடுபடக்கூடாது.

எல்இடி ப்ராசஸர் பக்கம் இரண்டு மாற்றம். 60 ஹெர்ட்ஸில் பூட்டியிருந்ததை, உள்ளே வரும் 50-ஐப் பின்தொடரும்படி மாற்றினோம். லோ லேட்டன்சி (குறைந்த தாமதம்) என்ற மெனுவை இயக்கினோம். சில ப்ராசஸர்களில் இதற்குக் கேபினட்களுக்கு (வாலின் தனித்தனிப் பலகைகளுக்கு) இடையே கேபிள் ஓடும் முறையில் நிபந்தனை இருக்கும். வால் கட்டி முடித்த பிறகு சொன்னால் கட்டியவர் மறுபடி அவிழ்க்கவேண்டும். ஆகவே கட்டுவதற்கு முன்பே அந்தத் தம்பியிடம் பேசி வைத்திருந்தோம். நடுவிலிருந்த ஸ்கேலரைத் தூக்கிவிட்டோம். அது செய்த வேலையை ப்ராசஸரே செய்யும்.

கேமராக்களில் நடுக்கத்தைச் சரிசெய்யும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷனை அணைத்தோம். அடுத்த பிரேமைப் பார்த்துவிட்டுத்தான் இந்த பிரேமை நிமிர்த்தும் என்பதால் அது தாமதத்தைச் சேர்க்கும். ட்ரைபாடில் நிற்கிற கேமராவுக்கு அது தேவையும் இல்லை.

மலையும் கேபிளும்

50பி-க்கு மாறியதும் ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1080பி25, 1.485 ஜிகாபிட் எச்டி-எஸ்டிஐக்குள் அடங்கும். 1080பி50-க்கு அதன் இரட்டிப்பான 2.97 ஜிகாபிட், அதாவது 3ஜி-எஸ்டிஐ வேண்டும். எஸ்எம்பிடிஇ என்ற தொழில்நுட்ப அமைப்பு 424எம் என்று 2006-இல் வெளியிட்ட தரம் அது. வேகம் கூடினால் அதே கேபிள் தாங்கும் தூரம் குறையும். மேல்படிக் கேமராவுக்குப் போன நீளமான கேபிள் பழைய வேகத்தில் சுத்தமாக ஓடியது. புதிய வேகத்தில் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னின, அப்புறம் படமே போய்ப்போய் வந்தது. இந்த வகை எஸ்டிஐ கோளாறு மெல்ல மெல்ல வராது. ஓர் எல்லைவரை குறையே தெரியாமல் இருந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று விழும். பகலில் ஓடியது இரவுப் பனியில் ஓடும் என்ற உறுதியும் இல்லை. கேபிளின் பிஎன்சி இணைப்பு முனைக்குள் ஈரம் இறங்கினால் மிச்சமிருக்கும் கொஞ்ச இடமும் போய்விடும்.

மேல்படிக்கு ஃபைபர் இழுத்தோம். இரு முனையிலும் எஸ்டிஐ–ஃபைபர் கன்வெர்ட்டர். இதில் தாமதம் கணக்கில் எடுக்கிற அளவே இல்லை. இன்னொரு நன்மையும் கிடைத்தது. மேல்படிக் கேமராவுக்கு மின்சாரம் வேறொரு வீட்டு இணைப்பிலிருந்து வந்தது, கீழே ஜெனரேட்டர். செம்புக் கேபிள் இரண்டு எர்த்தையும் இணைத்துவிடும்; அதிலிருந்து வரும் ஹம்மையும் ஷாக்கையும் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது.

குளிரும் மெல்லிய காற்றும் கார்டைப் பாதிக்குமா என்று கேட்டார்கள். 1,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு, ஃபேன் கொஞ்சம் குறைவாகவே சூட்டை எடுக்கும். ஆனால் காற்றே குளிராக இருப்பதால் கவலையில்லை. பெட்டிகளை மாலையிலேயே இயக்கி, நிகழ்ச்சி முடியும்வரை அணைக்காமல் வைத்தால் ஈரம் படியாது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு தடங்கல்

வாலின் பாதை சரியானதும் ரெக்கார்டிங்கில் சிக்கல் வந்தது. அதே கார்டின் மற்ற உள்ளீடுகளில் மூன்று கேமராவையும் தனித்தனியாகப் பதிவு செய்யவேண்டும், நாலாவதாக ப்ரோக்ராம். 10 பிட் 4:2:2 என்ற தொழில்முறைத் தரத்துப் படம், கம்ப்யூட்டரில் வழக்கமாக அடுக்கும் முறையில் ஒரு பிரேமுக்கு 55 லட்சம் பைட்டுக்கு மேல். நொடிக்கு 50 பிரேம் என்றால் ஒரு கேமராவுக்கே 276 மெகாபைட், நான்குக்கும் 1,100-ஐத் தாண்டும். கார்டின் வேகத்துக்கு இது பெரிதல்ல. ஆனால் கார்டு மாட்டியிருந்த ஸ்லாட், பார்க்க நீளமாக இருந்தாலும் உள்ளே நான்கு லேன் (தகவல் ஓடும் தடம்) மட்டும், அதுவும் ப்ராசஸருக்கு நேராக அல்ல, சிப்செட் என்ற இடைச் சிப் வழியாக. பதிவு எழுதும் என்விஎம்இ டிரைவும் (வேகமான சேமிப்பு) அதே சிப்செட்டில். இரண்டும் ஒரே குறுகலான வழியில் எதிரெதிராக ஓடியதில் பிரேம்கள் விழுந்தன.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு அந்த வேலையில் பெரிய பங்கில்லை. அதைச் சிப்செட் ஸ்லாட்டுக்கு மாற்றி, கேப்சர் கார்டை ப்ராசஸரோடு நேராகப் பேசும் ஸ்லாட்டில் மாட்டினோம். விழுவது நின்றது. பவர் பிளானை முழு வேகத்தில் வைத்தோம். கார்டின் டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒரே பதிப்பில் இருக்கின்றனவா என்று பார்த்தோம். அப்டேட் எதையும் மலையில் வைத்துச் செய்யவில்லை. அதெல்லாம் கோவையிலேயே முடிக்கவேண்டிய வேலை. விழுந்த பிரேம்கள் ரெக்கார்டிங்கை மட்டுமே கெடுத்தன, வாலில் ஒரு துளியும் தெரியவில்லை. பாதையைப் பிரித்ததன் பலன் அங்கேயும் தெரிந்தது.

கம்ப்யூட்டர் மொத்தமாக நின்றுவிட்டால்? கீயர் கார்டுக்குள் இருந்தாலும் மின்சாரம் போனால் கார்டும் போகும். மின்சாரம் போனாலும் படத்தை அப்படியே கடத்திவிடும் ரிலே பைபாஸ் உள்ள கார்டுகள் சந்தையில் இருக்கின்றன, எங்களிடம் இருந்தது அப்படியல்ல. ஸ்விட்சரிலிருந்து இன்னொரு கேபிளை ப்ராசஸரின் இரண்டாவது உள்ளீட்டுக்கு நேராகக் கொடுத்து வைத்தோம். பெயர்ப் பட்டை இல்லாத படம் ஒரே பொத்தானில் வந்துவிடும். ஒத்திகையில் வேண்டுமென்றே பவரைப் பிடுங்கி அதையும் சோதித்தோம். விழாவன்று தேவைப்படவில்லை.

பலன்

அதே டார்ச், அதே ஃபோன். 240-இல் 23 பிரேம் சுற்றி வந்தது. 100 மில்லி நொடிக்குள். இரண்டு மணி நேரம் கழித்தும் அதே எண். விழா முடியும் நேரத்தில் எடுத்தபோதும் மாறவில்லை. அதில் பெரும்பங்கு இப்போது கேமராவுக்குள்ளும் எல்இடி ப்ராசஸருக்குள்ளும்தான். இன்னும் குறைக்க நினைத்தால் அந்த இரண்டையும்தான் மாற்றவேண்டும், வேறு கார்டு வாங்கிப் பயனில்லை.

மேல்படியில் நின்று பார்த்தோம். மேளத்தின் அடியும் திரையில் காலும் சேர்ந்தே விழுந்தன. வட்டம் திரும்பும் இடத்தில் கை அசைவு இசையோடு ஒட்டியது. பெரியவரிடம் கேட்டதற்கு, "இப்பத்தான் எங்க ஆட்டம் மாதிரி இருக்கு" என்றார். மேல்படியில் இருந்த பாட்டிகள் திரையைப் பார்த்தே கைதட்டித் தாளம் போட்டது எனக்கு 23 பிரேமைவிடப் பெரிய சான்று.

நேரலையின் ஒலி தனிக் கதை. சவுண்டு மிக்சரிலிருந்து வரும் ஒலி நேராக எஸ்டிஐயில் ஏறினால் படத்தைவிட முந்திவிடும். ப்ரோக்ராம் படம் கம்ப்யூட்டருக்குள் வரும் இடத்தில் கைதட்டலை வைத்து அளந்து, அந்த அளவுக்கு ஒலியில் டிலே வைத்தோம். 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் 50பி-யின் ஒரு பிரேமுக்குச் சரியாக 960 மாதிரி என்பதால் பிரேம் கணக்கிலேயே வைக்கலாம், மிச்சம் வராது. பழைய குடும்பப் புகைப்படங்களை வைத்துச் செய்த வீடியோக்களும் அதே கார்டிலிருந்தே ஓடின. அவற்றின் ஒலியும் எஸ்டிஐக்குள்ளேயே வருவதால், லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒயர் இழுக்கும் வழக்கமும் ஒழிந்தது.

மிச்சம்

ஒரு கேமரா மட்டும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. ஆடுகளத்துக்குள் நடந்து எடுக்கும் வயர்லெஸ் கேமரா. அதன் ட்ரான்ஸ்மிட்டர் படத்தை அழுத்தி அனுப்பும் வகை. அழுத்துவதிலும் விரிப்பதிலும் சேர்ந்து பல பிரேம் போகிறது, சிக்னல் மங்கினால் இன்னும் கூடுகிறது. அழுத்தாமல் அனுப்பும் சாதனங்கள் உண்டு, வாடகை அதிகம். குழுவின் பட்ஜெட்டில் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: வயர்லெஸ் கேமராவை ஆட்டம் நடக்கும்போது வாலுக்குக் கொடுப்பதில்லை. பெரியவர்களை மேடைக்கு அழைக்கும்போது, பிள்ளைகளின் முகங்களைக் காட்டும்போது, விளக்கேற்றும்போது மட்டும். ரெக்கார்டிங்கிலும் நேரலையிலும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அங்கே எடிட்டர் ஒலியோடு பொருத்திக்கொள்வார். ஸ்விட்சரில் அந்தப் பொத்தானுக்கு மேல் சிவப்பு டேப் ஒட்டி, "ஆட்டத்துக்கு இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறோம்.